துளியிலிருந்து மில்லிகிராமுக்கு: கஞ்சா மருந்தான வரலாறு (மருந்துகளின் கதை – 9)

அபினியின் பாலிலிருந்து மார்ஃபின் என்னும் வீரியப்பொருள் 19ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள்ளாகவே படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டதும், அதன்பின் நோயாளிக்கு எத்தனை கிரெயின் கொடுப்பது என்பதை மருத்துவர் கணக்கிட்டுச் சொல்லும் நிலை வந்ததும் சென்ற அத்தியாயத்தில் சொல்லப்பட்டன. அதே நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவத்துக்குள் நுழைந்த கஞ்சாவுக்கோ அந்த நிலை 1964ஆம் ஆண்டுவரை கிட்டவில்லை. இவ்வளவு நீண்ட தாமதத்துக்குச் சட்டத்தின் தடையையே பலரும் காரணமாகச் சொல்வர். தடை பெருங்கேடு விளைவித்தது உண்மையே. ஆயினும் தடை வருவதற்கு முன்பே கஞ்சா மருந்துக்கடையில் தன் இடத்தை இழக்கத் தொடங்கியிருந்தது என்பதையும், அதன் அளவை எவராலும் உறுதிசெய்ய முடியாமற்போனதே அதற்கு முதற்காரணம் என்பதையும் அக்கால மருத்துவ எழுத்துகளைப் படிப்பவர் எளிதில் உணரலாம். மார்ஃபின் நைட்ரஜன் அடங்கிய காரப்பொருள். அமிலத்தோடு சேர்ந்தால் உப்பாகிப் படிகமாகும், அந்த உப்பு நீரில் கரையும். கஞ்சாவின் வீரியப்பொருள்களில் நைட்ரஜன் இல்லை, அவை நீரில் கரைவதில்லை, எண்ணெய்ப்பசையாகவே இருப்பவை. அதோடு, இன்று கன்னாபினாய்டுகள் என்று அழைக்கப்படும் அந்தச் சேர்மங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை ஒரே பிசினுக்குள் கலந்து கிடக்கின்றன; ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் கருவிகள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வேதியியலாளர் கைக்கு வந்தன.

கஞ்சாவை மேலை மருத்துவத்துக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் அயர்லாந்தின் லிமரிக் நகரில் பிறந்து எடின்பரோவில் மருத்துவம் பயின்ற வில்லியம் புரூக் ஓஷானசி ஆவார். 1831ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காலரா பரவியபோது, நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்புகளும் குறைந்திருப்பதைக் காட்டி, இழந்தவற்றை இரத்தக்குழாய் வழியே திரும்பச் செலுத்தலாம் என்று முன்மொழிந்தபோது அவருக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. அந்த யோசனையே அடுத்த ஆண்டு தாமஸ் லாட்டா என்ற மருத்துவரின் கையில் முதல் உப்புநீர்ச் சிகிச்சையாயிற்று. 1833இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்து வங்காளத்துக்கு வந்த ஓஷானசி, 1835இல் தொடங்கப்பட்ட கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். எதையும் அளந்து பார்க்கும் அவருடைய பழக்கம், சந்தையில் மலிவாகக் கிடைத்த, ஆனால் ஐரோப்பிய மருத்துவர்கள் பொருட்படுத்தாத ஒரு செடியின்பால் திரும்பியது.

அவர் வெற்றிடத்திலிருந்து தொடங்கவில்லை என்பதைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். கல்கத்தாவில் பிணக்கூறு ஆய்வைத் துணிந்து செய்தவராகப் புகழ்பெற்ற பண்டிதர் மதுசூதன குப்தர் உள்ளிட்ட ஆயுர்வேத அறிஞர்களையும் யுனானி ஹக்கீம்களையும் கலந்து, வடமொழி, அரபு, பாரசீக நூல்களில் இந்தச் செடியைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றைத் தொகுத்த பின்னரே அவர் சோதனையில் இறங்கினார்; 1839இல் வெளியான தம் கட்டுரையில் அவர்களின் உதவியைப் பெயர் சொல்லிப் பதிவும் செய்தார். இலையான பாங், பிசினோடு உலர்ந்த பூங்கதிரான கஞ்சா, பிசின் மட்டுமேயான சரஸ் ஆகிய மூன்றையும் அவர் வேறுபடுத்தி விளக்கினார். தோலாடை அணிந்த ஆட்கள் பயிர் நடுவே செடிகளின்மேல் உராய்ந்தபடி ஓட, ஆடையில் ஒட்டிய பிசினைப் பின்னர் சுரண்டிச் சேர்ப்பது சரஸ் எடுக்கும் முறைகளுள் ஒன்று என்ற செய்தியும் அக்கட்டுரையிலேயே உள்ளது.

முதலில் விலங்குகள். நேபாளச் சரஸ் 10 கிரெயினைச் சாராயத்தில் கரைத்து நடுத்தர அளவுள்ள நாய் ஒன்றுக்குக் கொடுத்தபோது, அரைமணி நேரத்தில் அது மந்தமாகித் தூங்கி விழுந்தது. பின்பு பெரும்பசியோடு உண்டது. அழைத்தபோது தள்ளாடி நடந்தது. ஆறு மணி நேரத்தில் முழுமையாகத் தெளிந்தது. இந்தத் தள்ளாட்டத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. முக்கால் நூற்றாண்டுக்குப் பின் அதுவே ஒரு நாட்டின் அதிகாரபூர்வ அளவுகோலாகப் போகிறது. விலங்குகளுக்குத் தீங்கில்லை என்று தெளிந்தபின், பூங்கதிரைச் சாராயத்தில் கொதிக்கவைத்துப் பிசினை இறக்கி, சாராயத்தை ஆவியாக்கிக் கிடைத்த சாற்றில் 3 கிரெயினை ஒரு டிராம் சாராயத்தில் கரைத்து அவர் தம் டிங்சரை உருவாக்கினார். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். ஒரு டிராம் என்பது ஏறத்தாழ மூன்றரை மில்லிலிட்டர், அதாவது மருந்தாளுநர் கணக்கில் 60 துளி. ஆகவே ஒரு துளியில் கிரெயினில் இருபதில் ஒரு பங்கு சாறு இருக்கும் என்பது அவருடைய கணக்கு. கணக்கு சரியானதே, அந்தச் சாற்றுக்குள் என்ன இருந்தது என்பதுதான் அவருக்கும் வேறு எவருக்கும் தெரியாதது.

மூட்டுவாதத்துக்காக மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு ஒரு கிரெயின் பிசின் கொடுக்கப்பட்டபோதே சிக்கல் வெளிப்பட்டது. ஒருவர் முதலில் வாய் ஓயாமல் பேசி, பாடி, கூடுதல் உணவு கேட்டு, பின்பு உறங்கி, இரவு எட்டு மணியளவில், தூக்கிய கை தூக்கிய இடத்திலேயே நிற்கும் விறைப்புநிலைக்கு ஆளானார். புகைத்துப் பழகியிருந்த மற்றொருவருக்கு அதே அளவு எந்த மாற்றத்தையும் தரவில்லை. வெறிநாய்க்கடி நோய் முற்றி, நீரைக் கண்டாலே இசிவு கண்ட நோயாளி ஒருவரால், பிசின் கொடுத்தபின் நீர்ப்பொருளைச் சிறிதேனும் விழுங்க முடிந்தது. அவர் பிழைக்கவில்லை, ஆனால் அமைதியாக இறந்தார். மரணத்தைத் தடுக்க முடியாத இடத்தில் வேதனையைத் தணிப்பதும் மருத்துவரின் கடமை என்பதை ஓஷானசி அந்த நேர்வில் வெளிப்படையாகவே வலியுறுத்தினார். இன்று வலிதணிப்பு மருத்துவம் என்று தனித்துறையாக வளர்ந்திருக்கும் சிந்தனை அது.

இந்த அத்தியாயத்துக்கு மிகவும் இன்றியமையாத நேர்வு, கல்கத்தாவில் வாழ்ந்த ஐரோப்பியக் குடும்பம் ஒன்றில் பிறந்த 40 நாள் பெண் குழந்தையினுடையது. பெரும்பாலும் இரவில் தொடங்கிய வலிப்பு நாளுக்கு நாள் மிகுந்து, பேதிமருந்து, வெந்நீர்க் குளியல், அட்டை கடிக்கவிடுதல் என அக்காலச் சிகிச்சைகள் எல்லாம் பயனற்றுப்போய், குழந்தை பால் குடிக்கவும் முடியாமல் மெலிந்துவிட்டது. இரவில் ஒரு துளி டிங்சரை நாக்கில் விட்டனர். ஒன்றரை மணி நேரம் பொறுத்து மேலும் இரண்டு துளிகள் விட்டனர். சில நிமிடங்களில் உறங்கிய குழந்தை நெடுநேரம் கழித்து விழித்து, பசித்து அழுது, பால் குடித்து, மீண்டும் உறங்கியது. நான்கு நாள் வலிப்பு இல்லை. பின்பு அது திரும்பி வந்தது; துளிகள் கூட்டப்பட்டன; மீண்டும் வந்தது; மீண்டும் கூட்டப்பட்டன. முதலில் மூன்று துளிக்கு ஆழ்ந்து உறங்கிய குழந்தைக்கு, முடிவில் அதே விளைவைப் பெற நாளொன்றுக்கு 130 துளி தேவைப்பட்டது. குழந்தை தேறி நலமடைந்ததாகக் கட்டுரை தெரிவிக்கிறது. வலிப்புக்கு அரியதொரு மருந்து கிடைத்துவிட்டது என்று ஓஷானசி முடிவு கட்டினார். ஆனால் நேர்மையான ஆய்வாளராகையால், மூன்று எவ்வாறு நூற்று முப்பதாயிற்று என்பதை வியப்போடு சுட்டிக்காட்டவும் தவறவில்லை. உடல் மருந்துக்குப் பழகிப்போனதா, டிங்சரின் வீரியம் மாறிப்போனதா, நோயே தன் போக்கில் தணிந்ததா என்ற மூன்று ஐயங்களுள் எதையும் தீர்க்கும் வழி 19ஆம் நூற்றாண்டில் இல்லை. ஒரு குழந்தையின் நலத்தை மட்டும் சான்றாகக் கொண்டு மருந்தை நிறுவ முடியாது என்ற அறிவு பின்னாளில் வந்தது. எனினும் தம் முடிவுக்கு எதிராகப் பயன்படக்கூடிய எண்ணையும் மறைக்காமல் எழுதிவைத்த அந்தக் குறிப்பு இன்றும் மதிப்பிற்குரியது.

1841இல் விடுப்பில் இங்கிலாந்து திரும்பிய ஓஷானசி கொண்டுசென்ற கஞ்சாவிலிருந்து, லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவின் மருந்தாளுநர் பீட்டர் ஸ்குவயர் சாறு தயாரித்து விற்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் அதை ஒற்றைத் தலைவலி, நரம்புவலி, மாதவிடாய் வலி, உறக்கமின்மை ஆகியவற்றுக்கு எழுதிக்கொடுத்தனர். 1850இல் அது அமெரிக்க பார்மகோபியாவில், அதாவது மருந்துகளின் தரத்தையும் செய்முறையையும் வரையறுக்கும் நூலில், இடம்பெற்றது. விக்டோரியா அரசியின் மருத்துவர்களுள் ஒருவரான ஜான் ரஸ்ஸல் ரேனால்ட்ஸ், முப்பதாண்டுக்கும் மேலான தம் அனுபவத்தை 1890இல் 'லான்செட்' இதழில் எழுதினார். அரசியே மாதவிடாய் வலிக்கு இதை உட்கொண்டார் என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு நேரடிச் சான்று ஏதும் கிடையாது. அந்தக் கட்டுரையில் கவனிக்க வேண்டியது அது அன்று. சாற்றின் வீரியம் ஒரு தயாரிப்புக்கும் மற்றொன்றுக்கும் வேறுபடுகிறது, நோயாளிக்கு நோயாளியும் வேறுபடுகிறார், ஆதலால் மிகச் சிறிய அளவில் தொடங்கித் துளித்துளியாகவே கூட்ட வேண்டும் என்று அவர் எச்சரித்ததே கவனத்துக்குரியது. வங்காளத்தில் அறுத்த கதிர் கப்பலில் மாதக்கணக்காகப் பயணம் செய்து, கிடங்கில் கிடந்து, புட்டியில் அடைபட்டு நோயாளியை அடையும்போது, காற்றும் ஒளியும் வெப்பமும் பட்டு அதன் முதன்மை வீரியப்பொருள் சிதைந்து கன்னாபினால் என்னும் வீரியம் குன்றிய பொருளாக மாறியிருக்கும் என்பது இன்று தெரிந்த செய்தி. 1890களில் கேம்பிரிட்ஜ் வேதியியலாளர்கள் பெரும்பாடுபட்டுப் பிரித்தெடுத்ததும் அந்தச் சிதைவுப்பொருளையே. அதையே செடியின் உயிர்ப்பொருளாக அறிவியல் உலகம் நெடுநாள் கருதிவந்தது.

வேதியியல் கைகொடுக்காதபோது விலங்கையே அளவுகோலாக்கினர். 1916ஆம் ஆண்டு அமெரிக்க பார்மகோபியா, கஞ்சாச் சாற்றை நாய்களுக்குக் கொடுத்து, அவற்றின் நடை தள்ளாடுகிறதா என்று பார்த்து அதன் வீரியத்தை நிறுவும் முறையை ஏற்றது. அதற்குள் மருத்துவம் வேறு திசையில் வெகுதூரம் சென்றுவிட்டது. 1850களில் வந்த தோலடி ஊசி, நீரில் கரையும் மார்ஃபினைச் சில நிமிடங்களில் வலியுள்ளவருக்குக் கொண்டுசேர்த்தது. நீரில் கரையாத கஞ்சாச் சாறு ஊசிக்குள் ஏறவில்லை. நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்பிரினும், அதையடுத்துப் பார்பிட்யூரேட் வகை உறக்க மருந்துகளும் வந்தன. ஒவ்வொரு மாத்திரையிலும் ஒரே அளவு இருந்தது. மருத்துவர்கள் கஞ்சாவை மெல்லக் கைவிட்டனர்.

சட்டத்தின் கதை தனி அத்தியாயமாக வரவிருப்பதால் இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். பிரித்தானிய இந்திய அரசு 1893–94இல் அமைத்த கஞ்சா விசாரணை ஆணையம் சென்னை மாகாணம் உட்பட நாடெங்கும் ஏறத்தாழ 1,200 பேரிடம் சாட்சியம் பெற்று, மிதமான பயன்பாட்டால் குறிப்பிடத்தக்க கேடில்லை என்றும் முழுத்தடை தேவையற்றது என்றும் முடிவு சொன்னது. 1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை அந்த அறிக்கையின் போக்குக்கு நேர்மாறாகக் கஞ்சாவைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1937இல் அமெரிக்கா வரிச்சட்டம் ஒன்றின் வழியே அதை முடக்கியபோது, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் வில்லியம் உட்வர்ட் நாடாளுமன்றக் குழுமுன் தோன்றி, எதிர்கால மருத்துவ ஆய்வுக்கு இது இடையூறாகும் என்று வாதிட்டார். அவர் சொல் எடுபடவில்லை. 1942இல் அமெரிக்க பார்மகோபியாவிலிருந்து கஞ்சா நீக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை அதை ஹெராயினோடு சேர்த்து மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பிசினையும் பூங்கதிரையும் தடைசெய்து, தனி இலையை வரையறைக்கு வெளியே விட்டது. மருத்துவ, அறிவியல் தேவைகளுக்கு விலக்கும் அளித்தது. சித்த மருத்துவத்தில் வழங்கும் நச்சுச்சரக்குகளின் பட்டியல் ஒன்று மருந்துகள், அழகுப்பொருள்கள் விதிகளில் இன்றும் நடைமுறையில் உள்ளது; அதில் எட்டி, ஊமத்தை, சேராங்கொட்டை, நாபி ஆகியவற்றோடு கஞ்சாவும் இடம்பெறுவதையும், இவை சேர்ந்த உள்மருந்துகள் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ளப்பட வேண்டும் என்று புட்டியில் அச்சிடப்பட வேண்டியிருப்பதையும் தமிழ் வாசகர் அறிந்துகொள்ள வேண்டும். சுத்தி செய்யாத சரக்கு நஞ்சு, சுத்தி செய்து அளவறிந்து கொடுத்தால் மருந்து என்ற மரபான கோட்பாட்டை ஒரு நவீன விதி தன் மொழியில் ஏற்றுக்கொண்ட இடம் அது.

தேக்கத்தை உடைத்தது இஸ்ரேல் நாட்டின் ரெஹோவோத் நகரிலுள்ள வைஸ்மன் ஆய்வு நிறுவனம். பல்கேரியாவின் சோஃபியாவில் 1930இல் பிறந்த ராஃபேல் மெக்கூலம் என்னும் இளம் வேதியியலாளர், அபினிக்கும் கோக்காவுக்கும் அமைப்பு கண்டுபிடிக்கப்பட்டுவிட்ட நிலையில் கஞ்சாவுக்கு மட்டும் தெளிவான விடை இல்லாததைக் கண்டு, காவல்துறை பறிமுதல் செய்து வைத்திருந்த லெபனான் சரஸ் 5 கிலோவைக் கேட்டுப் பெற்றார். அதைப் பேருந்தில் கொண்டுவந்தபோது பயணிகள் அந்த மணம் எங்கிருந்து வருகிறதென்று வியந்ததைப் பின்னாளில் அவரே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். பிசினைக் கரைத்து, நுண்தூள் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயின் வழியே இறங்கச் செய்தால், சேர்மங்கள் தூளோடு ஒட்டும் தன்மைக்கேற்ப வெவ்வேறு வேகத்தில் இறங்கித் தனித்தனியே வெளிவரும். வண்ணப்பிரிகை எனப்படும் இம்முறையால் 1963இல் கன்னாபிடயால் என்பதன் அமைப்பையும், 1964இல் யெஹியேல் கவோனியோடு சேர்ந்து டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்பதன் அமைப்பையும் அவர் உலகுக்கு அறிவித்தார். முன்னதைச் சிபிடி என்றும் பின்னதை டிஎச்சி என்றும் சுருக்கமாக வழங்குவது மரபு. குரங்குகளுக்குக் கொடுத்தபோது டிஎச்சி மட்டுமே அவற்றை மயக்கியது. சிபிடி அவ்வகையில் எதையும் செய்யவில்லை. கிறக்கத்தைத் தருவது ஒன்று, தராதது மற்றொன்று என்று பிரிந்த அந்தக் கணக்கில்தான் இன்றைய கஞ்சா மருந்துகள் அனைத்தும் நிற்கின்றன.

முதலில் மருந்தானது டிஎச்சி. புற்றுநோய்க்கான வேதிச்சிகிச்சை பெறுவோர் ஓயாத குமட்டலாலும் வாந்தியாலும் சிகிச்சையையே கைவிட்ட காலத்தில், பாஸ்டன் நகரின் ஸ்டீபன் சாலன், நார்மன் சின்பெர்க், எமில் ஃப்ரை ஆகியோர் டிஎச்சி மாத்திரையையும், தோற்றத்தில் அதைப்போன்ற வீரியமற்ற மருந்துப்போலியையும் எது எதுவென்று நோயாளியும் மருத்துவரும் அறியாவண்ணம் மாற்றிமாற்றிக் கொடுத்து ஒப்பிட்டு, டிஎச்சி வாந்தியைத் தணிப்பதை 1975இல் நிறுவினர். ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்த டிஎச்சியை நல்லெண்ணெயில் கரைத்து மெல்லுறை மாத்திரையில் அடைத்த டிரோனாபினால் என்னும் மருந்துக்கு, 'மரினால்' என்ற வணிகப்பெயரில், 1985ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. 1992இல் எய்ட்ஸ் நோயாளிகளின் பசியின்மைக்கும் எடையிழப்புக்கும் அதே மருந்து ஏற்கப்பட்டது. டிஎச்சியைச் சற்றே மாற்றி எலி லில்லி நிறுவனம் உருவாக்கிய நாபிலோனும் 1985இலேயே ஒப்புதல் பெற்றது. இவற்றின் குறையையும் சொல்ல வேண்டும். வாந்தி எடுப்பவர் மாத்திரையை விழுங்கி அதை வயிற்றில் தக்கவைத்தாக வேண்டும். விழுங்கியதில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதற்சுற்றிலேயே சிதைத்துவிடுவதால் பத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கே இரத்தத்தை அடைகிறது. தலைசுற்றலும் மனக்குழப்பமும் முதியோரை வருத்துகின்றன. 1991இல் ஆன்டான்செட்ரான் வந்தபின், வாந்திக்கு முதல் தேர்வாக டிஎச்சி இருக்கவில்லை. மற்ற மருந்துகள் பலிக்காத இடத்திலேயே இன்று அது எழுதப்படுகிறது.

இந்த மருந்துகள் உடலில் எங்கே பற்றுகின்றன என்ற கேள்விக்கு, செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் ஆலின் ஹவ்லெட்டும் வில்லியம் டிவேனும் 1988இல் விடை கண்டனர். டிஎச்சி போன்ற சேர்மங்கள் வந்து ஒட்டுவதற்கென்றே மூளையின் நரம்பணுக்களில் ஏற்பிகள், அதாவது குறிப்பிட்ட பொருளை மட்டும் பற்றிச் செய்தியை உள்ளே கடத்தும் புரதங்கள், அமைந்திருக்கின்றன. உடல் எதற்காக இந்த ஏற்பியை வைத்திருக்கிறது என்று தேடிய மெக்கூலத்தின் குழு 1992இல் பன்றி மூளையிலிருந்து ஆனந்தமைடு என்னும் பொருளைப் பிரித்து, உடல் தானே சுரக்கும் கன்னாபினாய்டு உண்டு என்று காட்டியது. மூச்சை இயக்கும் மூளைத்தண்டுப் பகுதிகளில் இந்த ஏற்பிகள் மிகக் குறைவு. அபினி வகை மருந்துகள் மிகுந்தால் மூச்சு நின்று உயிர் போவதைப்போலக் கஞ்சாவால் நேராததற்கு அதுவே முதன்மையான காரணமாகக் கருதப்படுகிறது.

செயற்கைச் சேர்மத்தை விட்டுச் செடிக்கே திரும்பிய முயற்சி இங்கிலாந்தில் நடந்தது. மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை உடலின் எதிர்ப்பாற்றலே அரித்துவிடும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயில் கால் தசைகள் இறுகி வலியால் துடிக்கும் நோயாளிகள், சட்டத்தை மீறிக் கஞ்சா புகைத்துத் தணிவு பெறுவதாகத் தொடர்ந்து கூறிவந்தனர். 1998இல் பிரபுக்கள் அவையின் அறிவியல் குழு இக்கூற்றை மதித்து மருத்துவ ஆய்வை வலியுறுத்திய அதே ஆண்டில், ஜெஃப்ரி கை, பிரையன் விட்டில் ஆகிய இருவர் ஜிடபிள்யூ பார்மசூட்டிகல்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, உள்துறையின் உரிமத்தோடு, இடம் வெளியிடப்படாத கண்ணாடிக் கூடங்களில் கஞ்சா பயிரிட்டனர். விதை போட்டால் செடிக்குச் செடி வீரியம் மாறும் என்பதால், தேர்ந்தெடுத்த தாய்ச்செடிகளின் கிளைகளை வெட்டி நட்டு, ஒளியும் வெப்பமும் நீரும் ஒரே சீராகக் கொடுத்து வளர்த்தனர். அவ்வாறு எடுத்த சாற்றைக் கலந்து உருவாக்கிய 'சேட்டிவெக்ஸ்' வாய்த்தெளிப்பான் 2005இல் கனடாவிலும் 2010இல் பிரிட்டனிலும் ஒப்புதல் பெற்றது. ஒரு தெளிப்பில் டிஎச்சி 2.7 மில்லிகிராம், சிபிடி 2.5 மில்லிகிராம், கன்னத்தின் உட்புறமோ நாவின் அடியிலோ தெளித்துக்கொள்ள வேண்டும், நாளொன்றுக்குப் 12 தெளிப்புக்கு மேல் கூடாது, நான்கு வார முடிவில் தசை இறுக்கம் குறிப்பிடத்தக்க அளவு குறையாவிட்டால் மருந்து நிறுத்தப்படும். ஸ்குவயரின் புட்டியில் எக்காலத்தும் எழுத முடியாதிருந்த எண்கள் இவை.

கிறக்கம் தராத சிபிடி, கண்டறியப்பட்டபின் நெடுங்காலம் எவராலும் பொருட்படுத்தப்படாமல் கிடந்தது. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் எலிசால்டோ கார்லினியின் குழு மெக்கூலத்தோடு இணைந்து, வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயாளிகள் 15 பேரிடம் அதைச் சோதித்து 1980இல் முடிவை வெளியிட்டது. நாளொன்றுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் சிபிடி பெற்ற 8 பேரில் நால்வருக்கு வலிப்பு ஏறத்தாழ முற்றிலும் நின்றது, மூவருக்குக் குறைந்தது; மருந்துப்போலி பெற்றோரில் ஒருவரே தேறினார். சிறிய ஆய்வுதான், ஆனால் அதைப் பெரிதாக்கிச் செய்து பார்க்க எவரும் முன்வராமல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. அதற்கிடையில் வலிப்பால் துன்புற்ற குழந்தைகளை நினைக்கும்போது, தன் இறுதிக்காலம்வரை மெக்கூலம் வெளிப்படுத்திய வருத்தம் முற்றிலும் நியாயமானது என்றே தோன்றுகிறது.

இறுதியில் ஆய்வை உந்தியவர்கள் பெற்றோர்கள். டிராவே நோய்க்குறி என்பது, நரம்பணுவின் சோடியம் வாயிலை அமைக்கும் எஸ்சிஎன்1ஏ மரபணு பழுதுபடுவதால் பெரும்பாலும் முதல் வயதுக்குள், பலருக்குக் காய்ச்சலோடு, தொடங்கி, வளர்ச்சியையும் அறிவையும் சேர்த்துத் தாக்கும் கடுமையான வலிப்பு நோய். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இந்நோயுற்ற சார்லட் ஃபிகி என்னும் சிறுமிக்குச் சிபிடி மிகுந்த கஞ்சா எண்ணெய் கொடுத்ததில் வலிப்பு பெரிதும் குறைந்த செய்தியை 2013இல் சிஎன்என் தொலைக்காட்சி ஒளிபரப்பியபின், நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அம்மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தன. தாய் தந்தையர் ஒரு குழந்தையிடம் கண்டது பொய்யன்று. ஆனால் கல்கத்தாவில் தீராத அதே மூன்று ஐயங்கள் இங்கும் எழுந்தன. அவற்றைத் தீர்க்கும் வகையில், ஜிடபிள்யூ நிறுவனம் தயாரித்த தூய சிபிடி கரைசலைக் கொண்டு நரம்பியல் மருத்துவர் ஓரின் டெவின்ஸ்கி முதலானோர் டிராவே நோய்க்குறியுள்ள 120 குழந்தைகளிடமும் இளையோரிடமும் 14 வாரம் நடத்திய ஆய்வு 2017ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் சிபிடி பெற்றோரின் மாத வலிப்பு எண்ணிக்கை, வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை மதிப்பில், 12.4இலிருந்து 5.9ஆகக் குறைந்தது, மருந்துப்போலி பெற்றோருக்கு 14.9இலிருந்து 14.1ஆயிற்று. வலிப்பு முற்றிலும் நின்றவர்கள் சிபிடி பெற்றோரில் நூற்றுக்கு ஐவர் மட்டுமே. தூக்கக்கலக்கமும் வயிற்றுப்போக்கும் பசிக்குறைவும் சிலருக்குக் கல்லீரல் நொதிகளின் உயர்வும் காணப்பட்டன. குணம் என்று சொல்லத்தக்கது அன்று இது. ஒரு தாய் மாதத்தில் பன்னிரண்டு முறை குழந்தையின் வலிப்பைப் பார்ப்பதற்கும் ஆறு முறை பார்ப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு. அவ்வீட்டார்க்கு அதன் பெறுமதியை எந்தப் புள்ளிவிவரமும் முழுமையாகச் சொல்லிவிடாது.

2018ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று, டிராவே, லெனாக்ஸ்–காஸ்டோ என்னும் இரு கடும் வலிப்பு நோய்க்குறிகளுக்கு 'எபிடியோலெக்ஸ்' என்ற பெயரில் இக்கரைசலை அமெரிக்கா ஏற்றது. செடியிலிருந்தே எடுத்துத் தூய்மைப்படுத்திய கன்னாபினாய்டு ஒன்று அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது இதுவே முதன்முறை. 2020இல் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபுநோயின் வலிப்பும் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம் 27க்கு 25 என்ற வாக்கு வேறுபாட்டில் கஞ்சாவை 1961ஆம் ஆண்டின் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியது. இந்தியா நீக்கத்தை ஆதரித்து வாக்களித்தது.

எபிடியோலெக்ஸ் புட்டியில் நல்லெண்ணெயில் கரைந்த சிபிடி, மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் உள்ளது. ஊசியில்லாப் பீச்சுக்குழலால் அளந்து, குழந்தையின் எடைக்கேற்பக் காலையும் மாலையும் கொடுக்கின்றனர். தொடங்குமுன்னும் பின்னர் குறித்த இடைவெளிகளிலும் கல்லீரல் சோதனை செய்கின்றனர். வலிப்புக்குப் பரவலாக வழங்கும் குளோபசாம் என்னும் மருந்திலிருந்து உண்டாகும் வீரியமுள்ள சிதைவுப்பொருளை மேலும் சிதைக்கும் கல்லீரல் நொதியைச் சிபிடி தடுப்பதால், அந்தச் சிதைவுப்பொருள் இரத்தத்தில் ஏறத்தாழ மூன்று மடங்காகும்; அப்போது குளோபசாமின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். இவ்வளவும் சிபிடியின் அளவு துல்லியமாகத் தெரிவதனாலேயே இயல்கிறது. ஆனால் சந்தைக்கு வந்தபோது இம்மருந்தின் ஓராண்டுச் செலவு அமெரிக்காவில் சராசரி 32,500 டாலர் என்று அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகைக்கு வழியில்லாத குடும்பங்களை நோக்கி, மருந்துச்சீட்டு கேட்காத சிபிடி எண்ணெய்கள் கடைகளிலும் இணையத்திலும் குவிந்து கிடக்கின்றன. 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான சோதனையில், இணையத்தில் வாங்கிய 84 சரக்குகளுள் 26இல் மட்டுமே மேலுறையில் எழுதிய அளவு உள்ளே இருந்தது. 18இல் டிஎச்சியும் இருந்தது. அத்தகைய எண்ணெயை வீட்டில் பெற்றுவந்து, மருத்துவமனையில் குளோபசாமும் பெறும் குழந்தை அளவுமீறித் தூங்கத் தொடங்கினால், அது எதனால் வந்ததென்றும் எதைக் குறைப்பதென்றும் தீர்மானிக்க மருத்துவரிடம் எந்த எண்ணும் இருப்பதில்லை.